பக்கவாட்டில் ஒரு மீட்டர்

தேர் ஓடும் நாளில் ஊரே பார்ப்பது வடம் பிடிப்பவர்களைத்தான். ஆனால் தேர் திரும்புவது அவர்களால் அல்ல. சக்கரத்தையொட்டிக் குனிந்தபடியே, கையில் முட்டுக்கட்டையோடு ஓடிவரும் நாலைந்து பேரால். ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்தாலும் தேர் நேராகத்தான் போகும். வீதி முனையில் திரும்பவும் நிலையில் வந்து நிற்கவும், அந்தக் கட்டை சரியான நொடியில் சரியான சக்கரத்தடியில் விழவேண்டும். மறுநாள் செய்தித்தாளில் தேரின் படம் வரும். கட்டை போட்டவர் படத்தின் ஓரத்தில், பாதி முதுகாக இருப்பார்.

துறைமுகத்தில் இந்த வேலையைச் செய்வது இழுவைப் படகு. நம் துறைமுகங்களில் சுருக்கமாக டக் என்பார்கள். இழுவை என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, அது இழுக்கும் அளவுக்குத் தள்ளவும் செய்கிறது. சில நேரம் இழுக்காமலும் தள்ளாமலும் ஒட்டிக்கொண்டு நிற்பதே அதன் வேலை. இந்த அத்தியாயம் அப்படி ஒரு படகைப் பற்றியது. அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட அதன் பெயர் ஹோகா. சூ பழங்குடியினரின் மொழியில் மீன் என்று பொருள். நீளம் 100 அடி, அகலம் 25 அடி.

முதலில் ஒரு கேள்வி. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் பெருங்கடலைக் கடக்கும் போர்க்கப்பல், துறைமுகத்துக்குள் பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர ஏன் அடுத்தவரை நம்பவேண்டியிருக்கிறது?

காரணம் சுக்கானில் இருக்கிறது. சுக்கான் தானாகக் கப்பலைத் திருப்புவதில்லை. தன்மேல் பாய்ந்து வரும் நீரை ஒருபக்கம் ஒதுக்குகிறது. ஒதுக்கப்பட்ட நீர் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நீரின் வேகம் பாதியானால் அந்தத் தள்ளுவிசை கால் பங்காகிவிடும். 20 கடல் மைல் வேகத்தில் கிடைக்கும் விசையில் 2 கடல் மைல் வேகத்தில் மிஞ்சுவது நூறில் ஒரு பங்குதான். கரையை நெருங்கும் கப்பல் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குறைக்கக் குறைக்கச் சுக்கான் வெறும் இரும்புத் தகடாகிவிடுகிறது. மிக நுட்பமாக அசையவேண்டிய இடத்தில்தான் பெரிய கப்பல் கை கால் விளங்காமல் போகிறது.

இதில் காற்றும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் ஒன்று 178 மீட்டர் நீளம் இருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் அதன் பக்கவாட்டுப் பரப்பு சுமார் 2,600 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, அதாவது கொடியில் காயும் வேட்டியைப் படபடக்கவைக்கும் காற்று, அந்தப் பரப்பின்மேல் ஏறத்தாழ 16 டன் விசையோடு சாயும். ஹோகாவின் முழு எந்திரத் திறன் 1,000 குதிரைத் திறன். அதிலிருந்து கிடைக்கும் இழுவிசை, தோராயமாக 100 குதிரைத் திறனுக்கு ஒரு டன் என்று கணக்கிட்டால், 10 டன். கொஞ்சம் பலமான காற்றிடமே ஒரு டக் தோற்றுவிடும். அதனால்தான் பெரிய போர்க்கப்பலை நகர்த்த நான்கு படகுகள் வருவது வழக்கமாக இருந்தது.

அந்தப் பத்து டன் விசை என்ன செய்யும்? 30,000 டன் கப்பலை அதைக்கொண்டு தள்ளுங்கள். முதல் பத்து நொடியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நீரின் எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஐந்து நிமிடத்தில் கப்பல் ஒருவர் சாவகாசமாக நடக்கும் வேகத்தை எட்டும். பார்க்க ஒன்றுமில்லாத வேகம். ஆனால் 30,000 டன் அந்த வேகத்தில் கல்சுவரில் வந்து முட்டினால் சுவர் இருக்காது. அதை நிறுத்த இன்னொரு ஐந்து நிமிடம் எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும். ஆகவே டக் ஓட்டுபவர் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால் வாழ்கிறார். கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்பதைவிட, தான் தள்ளியது எப்போது பலிக்கும் என்பதே அவர் மனத்தில் ஓடும் கணக்கு.

அந்தக் கணக்குக்கு ஏற்ற எந்திரம் வேண்டும். ஹோகாவின் உள்ளே இறங்கிப் பார்த்தால் அதன் காலத்தில் புதுமையாக இருந்த ஓர் ஏற்பாடு தெரியும். இரண்டு டீசல் எந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அவை உந்துசுழலியோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. அவை ஜெனரேட்டர்களைச் சுற்றுகின்றன. ஜெனரேட்டர் தரும் மின்சாரம் ஒரு மோட்டாரை ஓட்ட, மோட்டார்தான் சுழலியைத் திருப்புகிறது. டீசலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்குவதில் வழியில் கொஞ்சம் ஆற்றல் வீணாகத்தானே செய்யும்? செய்யும். சரக்குக் கப்பலுக்கு அந்த நட்டம் கட்டாது. டக்குக்குக் கட்டும்.

டீசல் எந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அது ஓடாது; அணைந்துவிடும். சுழலியோடு நேரடியாகப் பூட்டிய அந்தக் காலத்துப் பெரிய எந்திரத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது பின்னே போகவேண்டுமென்றால், எந்திரத்தை நிறுத்தி, வால்வுகளின் ஒழுங்கை மாற்றி, அழுத்தக் காற்றைச் செலுத்தி எதிர்த்திசையில் மறுபடி கிளப்பவேண்டும். ஒரு கப்பலைக் கரையோடு அணைப்பதற்குள் டக் எத்தனையோ முறை முன்னும் பின்னும் போகும். ஒவ்வொரு தடவையும் காற்றுத் தொட்டியில் அழுத்தம் இறங்கும். தொட்டி காலியாகும் நேரம் பார்த்து 30,000 டன் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

மின்மோட்டாருக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. அசையாமல் நிற்கும் நிலையிலும் அது முழு முறுக்குவிசை தரும். மின்னோட்டத்தைத் திருப்பினால் எதிர்த்திசையில் சுற்றும். டீசல் எந்திரம் பாட்டுக்கு ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேலே சுக்கான் அறையில் நிற்பவர் தன் கையிலுள்ள பிடியாலேயே இதைச் செய்துவிடலாம். கீழே எந்திர அறைக்கு மணியடித்து, கீழே இருப்பவர் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, செய்து முடிக்கும் வரை காத்திருக்கவேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. நம் டீசல் ரயில் எந்திரங்கள் ஓடியது இதே முறையில்தான். நின்றுகொண்டிருக்கும் ரயிலைக் கிளப்புவதும் நின்றுகொண்டிருக்கும் கப்பலை நகர்த்துவதும் இயற்பியலுக்கு ஒரே கணக்கு. இன்னும் நெருக்கமான ஓர் உறவும் உண்டு. ஹோகாவின் எந்திரங்கள் மெக்கின்டாஷ் அண்ட் சீமோர் என்ற நிறுவனத்துடையவை. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் இருந்த அந்த நிறுவனத்தை 1929-இல் வாங்கியது ஆல்கோ எனப்படும் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி. ஆல்கோ டீசல் தொழிலுக்குள் நுழைந்ததே அந்த வாசல் வழியாகத்தான். அதே ஆல்கோவின் வடிவமைப்பில்தான் 1960-களில் இந்தியாவின் டபிள்யூடிஎம்-2 எந்திரங்கள் உருவாயின. பொன்மலையில் வளர்ந்தவர்களுக்கு அவற்றின் உறுமலும் கரும்புகையும் நினைவிருக்கும். ஹோகா அந்தக் குடும்பத்தில் ஒரு மூத்த தாயாதி.

உந்துசுழலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசை வேண்டுமானால் நீரைப் பின்னால் தள்ளவேண்டும். கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளலாம். நிறைய நீரை மெதுவாகவும் தள்ளலாம். விசை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் செலவு வேறு. தள்ளும் நீரின் வேகத்தை இரட்டித்தால் விசை இரண்டு மடங்கு கூடும். அதே அளவு நீருக்குச் செலவாகும் ஆற்றலோ நான்கு மடங்கு. ஆகவே நின்ற இடத்தில் தள்ளும் படகுக்குப் பெரிய, மெதுவாகச் சுழலும் சுழலியே இலாபம். படகைக் கரையில் கட்டி, கயிற்றுக்கு நடுவே ஒரு விசைமானியை மாட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு அதன் இழுவிசையை அளப்பார்கள். கயிறு விறைத்து நிற்கும், பின்னால் நீர் நுரைத்துப் புரளும், படகு ஓர் அடிகூட நகராது. நகராமல் இருக்கும்போது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதே இங்கே சோதனை.

இந்தத் தொழிலின் மூத்த உறுப்பினர் ஸ்காட்லாந்தில் பிறந்தது. வில்லியம் சிமிங்டன் கட்டிய சார்லட் டண்டாஸ் என்ற நீராவிப் படகு, 1803-இல் ஃபோர்த்-கிளைட் கால்வாயில் தலா 70 டன் சுமந்த இரண்டு படகுகளை எதிர்க்காற்றில் இழுத்துக்கொண்டு போனது. துடுப்புச் சக்கரத்தின் அலை கரையை அரிக்கும் என்று கால்வாய்க்காரர்கள் பயந்தார்கள், படகை ஓரங்கட்டிவிட்டார்கள். பிற்பாடு ஓவியர் டர்னர், உடைக்கப்படுவதற்காகப் போகும் டெமரேர் என்ற பழைய போர்க்கப்பலை ஒரு புகைவிடும் டக் இழுத்துச் செல்வதாக 1839-இல் வரைந்து காட்டினார். உண்மையில் அன்று இழுத்தவை இரண்டு படகுகள். ஓவியர் ஒன்றை விட்டுவிட்டார். படத்தின் தலைப்பில் இருப்பது போர்க்கப்பலின் பெயர் மட்டும்.

ஹோகாவுக்கு வருவோம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், மோரிஸ் ஹைட்ஸில் இருந்த கன்சாலிடேட்டட் கப்பல் கட்டும் தளத்தில் 1940 ஜூலையில் அதற்கு அடிமரம் வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் நீரில் இறக்கினார்கள். 1941 மே மாதம் பணியில் சேர்ந்து, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்கு வந்து, ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் வேலையைத் தொடங்கியது. சில மாதம் கப்பல்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், படகுகளை இடம் மாற்றுவதும். எழுத ஒன்றுமில்லை. டக்கின் நாட்குறிப்பில் எப்போதும் மற்றக் கப்பல்களின் பெயர்கள்தான் இருக்கும்.

1941 டிசம்பர் 7, ஞாயிறு. காலை எட்டு மணிக்குச் சற்றுமுன் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஹோகாவின் பொறுப்பில் இருந்தவர் ஜோ மெக்மானஸ். உயர் அதிகாரி அல்ல. தலைமை போட்ஸ்வெயின் மேட். நம் துறைமுக வழக்கில் சொன்னால் சாரங்கு தரத்தவர். தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் படகு கிளம்பிவிட்டது. டீசல்-மின்சார ஏற்பாட்டின் இன்னொரு பயனை இங்கே பார்க்கிறோம். கொதிகலனில் நீராவி ஏறும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டியதில்லை.

நீரில் கிடந்த இருவரைத் தூக்கிக்கொண்டு அது முதலில் போனது வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பலிடம். வெஸ்டல் கட்டப்பட்டிருந்தது அரிசோனா போர்க்கப்பலின் பக்கத்தில். அரிசோனாவின் வெடிமருந்து அறை வெடித்து, சுற்றிலும் நீர்மேல் எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. வெடிப்பில் கடலில் தூக்கி வீசப்பட்ட வெஸ்டலின் தளபதி கேசின் யங், நீந்தி வந்து மறுபடி கப்பலில் ஏறியிருந்தார். வெஸ்டலின் அணியத்தில், அதாவது முன்முனையில், வடம் மாட்டி நெருப்பிலிருந்து வெளியே இழுத்தார்கள். பின்பு அது ஐயியா பக்கம் ஆழமில்லாத இடத்தில் தரைதட்டவைக்கப்பட்டுத் தப்பியது.

அடுத்தது ஒக்லாலா. கண்ணிவெடி இடும் அந்தப் பழைய கப்பல், ஹெலினா என்ற குரூஸரை உரசியபடி அதன் வெளிப்பக்கம், கரைக்கு எதிர்ப்பக்கம், கட்டப்பட்டிருந்தது. ஒரு டார்பிடோ ஒக்லாலாவின் அடியில் நுழைந்து ஹெலினாவைத் தாக்கியது. அதிர்ச்சியில் ஒக்லாலாவின் பக்கம் பிளந்தது. அது கவிழப்போகிறது என்பது தெரிந்துவிட்டது. கவிழ்ந்தால் ஹெலினாவை அமுக்கிக்கொண்டு கிடக்கும். ஆகவே படகுகள் அதை விலக்கி, ஹெலினாவுக்குப் பின்னால் கரையில் சேர்த்தன. பத்து மணியளவில் ஒக்லாலா பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. விழும் கப்பலைக் காப்பாற்ற முடியாதபோது, அது விழும் இடத்தையாவது தேர்ந்தெடுப்பது ஒரு வேலை. இதற்குப் பதக்கத்தில் தனி வகுப்பு கிடையாது.

அன்று காலை கிளம்பிய ஒரே போர்க்கப்பல் நெவாடா. தளபதி கரையில் இருந்தார். ஃபிரான்சிஸ் தாமஸ் என்ற இளநிலைத் தளபதி பொறுப்பேற்றார். ராபர்ட் செட்பெரி சுக்கான் பிடித்தார். டக் எதுவும் இல்லாமல், எரியும் அரிசோனாவை ஒட்டிக் கப்பலை வெளியே கொண்டுவந்தார்கள். கரையில் கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டு நீந்தி வந்து கப்பலில் ஏறிக்கொண்ட எட்வின் ஹில், சிறிது நேரத்தில் அணியத்தில் நங்கூரத்தை இறக்க முயன்றபோது குண்டுகளில் இறந்தார்.

நகரும் போர்க்கப்பலைக் கண்ட விமானங்கள் எல்லாம் அதன்மேல் பாய்ந்தன. முன்பே ஒரு டார்பிடோ, இப்போது குறைந்தது ஆறு குண்டுகள். முன்பகுதி நீரில் அமிழ்ந்துகொண்டே வந்தது. பேர்ல் ஹார்பருக்கு வாசல் ஒன்றுதான். ஒடுக்கமான ஒற்றை வாய்க்கால். அதன் நடுவில் 30,000 டன் இரும்பு மூழ்கினால் துறைமுகத்தையே மூடி முத்திரை வைத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே மருத்துவமனை முனை என்ற இடத்தில் நெவாடா தரைதட்டி நின்றது. அங்கேயும் அதன் உடல் வாய்க்காலைத் துருத்திக்கொண்டிருந்தது.

ஹோகா வந்தது. இன்னொரு டக்கும் சேர்ந்துகொண்டது. இங்கேதான் அந்தப் பத்து டன்னின் அருமை தெரிகிறது. மண்ணில் முகம் புதைந்த கப்பலை நேராகப் பின்னால் இழுக்க அவ்வளவு சிறிய விசை போதாது. ஆனால் கப்பல் 178 மீட்டர் நீளமான ஒரு நெம்புகோல். அது ஒரு முனையில் மாட்டிக்கொண்டிருந்தால், மறுமுனையில் கொடுக்கும் தள்ளல் அத்தனை நீளத்தையும் தனக்குத் துணையாக்கிக்கொள்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு பிடிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அதே கை, அதே பலம். கப்பலின் அமரத்தை, அதாவது பின்முனையை, நீரோட்டமும் சுழற்றிக்கொண்டிருந்தது. படகுகள் அதனோடு மல்லுக்கட்டாமல் அதையும் கூட்டாளியாக்கிக்கொண்டன. நெவாடா விடுபட்டு, வாய்க்காலின் எதிர்ப்பக்கம் வைப்பியோ முனையில், வழியை மறிக்காத கெட்டியான தரையில் அமர்த்தப்பட்டது.

இதில் டக்குக்கே ஓர் ஆபத்து இருக்கிறது. பெரிய கப்பல் எதிர்பாராமல் நகர்ந்து, வடம் டக்கின் பக்கவாட்டில் விறைத்துவிட்டால், அது டக்கை இழுக்காது, கவிழ்த்துவிடும். மேலே கட்டிய கயிறு ஒருபக்கம் இழுக்க, கீழே நீர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால்தான் இழுவை வடத்தைக் கட்டும் கம்பம் படகின் பின்முனையில் இல்லாமல் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். வடத்தின் பிடியிலும் படகு திரும்பிக்கொள்ள வழி வேண்டும். அருகில் கோடரி இருக்கும். அது எதற்கு என்று புதிய ஆளுக்கு யாரும் இரண்டாம் முறை சொல்லவேண்டியதில்லை.

நெவாடாவின் முன்பகுதி எரிந்துகொண்டிருந்தது. ஹோகாவின் சுக்கான் அறைக்கு மேலிருந்த நீர்பீரங்கி அதன்மேல் பாய்ந்தது. நீர்பீரங்கியும் ஒரு சின்ன இயற்பியல் பாடம்தான். நொடிக்கு 100 லிட்டர் நீரை, நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிவதாக வைத்துக்கொண்டால், அந்த நீர் பின்னோக்கிக் கொடுக்கும் உதை ஏறத்தாழ 300 கிலோ. படகு சும்மா நின்றால் தன் பீரங்கியாலேயே விலகிப் போய்விடும். நெருப்பை நோக்கி இடைவிடாமல் எந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம். சேரவும் கூடாது, விலகவும் கூடாது. டக்குக்குப் பழகிய வேலை.

எண்ணெய் நெருப்பு நீருக்கு அடங்காதே என்று கேட்கலாம். உண்மை. நீர் அடியில் போய்விடும், எண்ணெய் மேலே மிதந்து எரியும். ஆனால் எரியும் எண்ணெய்ப் படலத்தை நீர்த்தாரையால் கப்பலிலிருந்து ஒதுக்கலாம். பழுக்கக் காய்ச்சிய எஃகுச் சுவரைக் குளிரவைத்து, அதற்கு அப்பால் இருப்பது பற்றாமல் பார்க்கலாம். போர்க்கப்பலில் அப்பால் இருப்பது வெடிமருந்து.

நெவாடாவுக்குப் பின் மேரிலாண்ட், அதன்பின் டென்னசி, கடைசியாக அரிசோனா. ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து செவ்வாய்க்கிழமை பகல் 1 மணி வரை அரிசோனாவின் தீயோடு நின்றது ஹோகா. தொடர்ந்து 72 மணி நேரம் தீயணைத்ததாகப் பல இடங்களில் எழுதுகிறார்கள். நான் கூட்டிப் பார்த்தால் ஞாயிறு காலையிலிருந்து 53 மணி நேரம்தான் வருகிறது. 53 போதாதா? பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட படகு அது. அடுத்த பிப்ரவரியில் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸின் பாராட்டுக் கடிதம் மெக்மானஸுக்கும் அவர் ஆட்களுக்கும் வந்தது.

எல்லா டக்குகளுக்கும் அன்று அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சோட்டோயோமோ என்ற சிறிய படகு, மிதக்கும் உலர்துறை ஒன்றில் ஷா என்ற டிஸ்டிராயருடன் பழுதுபார்க்க ஏற்றப்பட்டிருந்தது. ஷா வெடித்தபோது உலர்துறையோடு அதுவும் மூழ்கியது. பிறகு தூக்கிச் சரிசெய்து மறுபடி வேலைக்கு விட்டார்கள்.

தீயணைப்பதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். இரண்டே மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க் துறையில் நார்மண்டி என்ற பிரம்மாண்டமான பயணிக் கப்பல் தீப்பிடித்தது. தீயணைப்புப் படகுகள் சூழ்ந்துகொண்டு நீரை இறைத்தன. தீ அடங்கியது. மறுநாள் விடியுமுன் கப்பல் கட்டிய இடத்திலேயே கவிழ்ந்தது. தாம்பாளத்தில் கொஞ்சம் நீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். லேசாகச் சாய்ந்தால் நீர் எல்லாம் சாய்ந்த பக்கம் ஓடி, சாய்வைக் கூட்டும். மேல்தளங்களில் தேங்கிய நீர் கப்பலுக்கு அதைத்தான் செய்தது. கப்பல் தீயில் பீரங்கியைத் திறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மூடும் நேரமும் தெரியவேண்டும். பேர்ல் ஹார்பரில் நெவாடா ஏற்கெனவே தரையில் அமர்ந்துவிட்டது. அரிசோனா மூழ்கியே விட்டது. அந்த ஒரு கவலை ஹோகாவுக்கு இல்லாமல் போயிற்று.

மீதி யுத்தம் முழுதும் ஹோகா பேர்ல் ஹார்பரிலேயே இருந்தது. கப்பல்கள் வந்தன, போயின. கடற்படை அதன் வகையை இரண்டு முறை மாற்றி எழுதியது. முதலில் வெறும் துறைமுக டக். 1944-இல் ‘பெரிய’ துறைமுக டக். 1962-இல் ‘நடுத்தர’ துறைமுக டக். படகு ஓர் அங்குலம்கூட வளரவுமில்லை, குறையவுமில்லை. சுற்றியிருந்தவை வளர்ந்தன. 1960-களில் வந்த புதிய பெரிய டக்குகள் 2,000 குதிரைத் திறன் கொண்டவை. தாத்தா குள்ளமாகிவிட்டார் என்று பேரன்கள் சொல்வதுபோல.

அந்த இரண்டாம் மாற்றம் நடந்தபோது ஹோகா கடற்படையின் நிறத்தில்கூட இல்லை. 1948 மே மாதமே அதைக் கலிபோர்னியாவின் ஓக்லாந்து துறைமுகத்துக்குத் தீயணைப்புப் படகாக இரவல் கொடுத்துவிட்டார்கள். கூடுதல் பம்புகள், கூடுதல் நீர்பீரங்கிகள், பிற்பாடு நிலைத்த பெயர்: சிட்டி ஆஃப் ஓக்லாந்து. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, அது மண்ணிலிருந்து மீட்டுக்கொடுத்த நெவாடா கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழாண்டில் நெவாடா பழுதுபார்க்கப்பட்டு, நார்மண்டிக் கரையிலும் இவோ ஜிமாவிலும் ஒகினாவாவிலும் பீரங்கி முழக்கி, 1946-இல் பிகினி அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்தப்பட்டு, அதிலும் மூழ்காமல் நின்று, கடைசியில் சொந்தக் கடற்படையின் குண்டுகளாலும் டார்பிடோவாலும் அடிக்கு அனுப்பப்பட்டது.

ஹோகா ஓக்லாந்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. அதன் பணி வரலாற்றில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். ஆனால் அதைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். டக்கைத் தீயணைப்புப் படகாக்குவது ஏன் அவ்வளவு எளிதாக இருந்தது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. நின்ற இடத்தில் முழு விசை, கைப்பிடியில் உடனடித் திசைமாற்றம், தன் அளவுக்கு மீறிய எந்திரம்: மூன்றுமே தீயணைப்புக்கு வேண்டியவை. கப்பலைத் தள்ளாத நேரத்தில் அதே டீசலின் மின்சாரத்தைப் பம்புக்குத் திருப்பலாம். ஓக்லாந்தும் அதற்குள் மாறிவிட்டது. 1962-இல் கண்டெய்னர் கப்பல்கள் அங்கே வரத் தொடங்கின. சரக்கு, இரும்புப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. பற்றி எரிவது எது என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்ட காலம் போயிற்று.

1989-இல் ஹோகாவைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அப்போதும் அது வேலையில்தான் இருந்தது. 1994-இல் கடற்படையிடம் திரும்பி, சுசூன் விரிகுடாவில் வேண்டாத கப்பல்கள் வரிசையில் போய் நின்றது. 2005-இல் அதை ஆர்கன்சா மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக் நகரிலுள்ள உள்நாட்டுக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைத்தார்கள். ஒப்படைப்பது காகிதத்தில் ஒரு கையெழுத்து. படகு போய்ச் சேரப் பத்தாண்டு ஆயிற்று. ஹோகாவோடு பேர்ல் ஹார்பரில் இருந்த அதே வகை நொகோமிஸ் டக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அதை உடைத்துவிட்டார்கள்.

அந்த அருங்காட்சியகம் கடலோரத்தில் இல்லை. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, ஆர்கன்சா ஆற்றில் இருக்கிறது. அங்கே முன்னமே நின்றிருந்தது ரேசர்பேக் என்ற நீர்மூழ்கி. 1945-இல் ஜப்பான் சரணடைந்த நாளில் டோக்கியோ விரிகுடாவில் இருந்த கப்பல்களில் ஒன்று. மிசிசிப்பியிலிருந்து ஆர்கன்சா ஆற்றுக்குள் திரும்பினால் வழியில் பூட்டுமதகுகள். ஒவ்வொன்றிலும் படகு நுழையவேண்டும், பின்கதவு மூடவேண்டும், நீர் ஏறவேண்டும், முன்கதவு திறக்கவேண்டும். 2015 நவம்பர் 23 அன்று ஹோகா ரேசர்பேக்கின் பக்கத்தில் வந்து சேர்ந்தது. தன் எந்திரத்தால் அல்ல. வேறொரு படகு கொண்டுவந்து, கரையோடு அணைத்துக் கட்டிவிட்டுத் திரும்பிப் போனது.